உராய்வு இருந்தால்தான் உண்மையா? ஆற்றல் இருந்தால்தான் இருப்பா?

எதிர்க்கேள்வி | பிப்ரவரி 3, இரவு 9:12

ஒரு வாதம் வைக்கிறேன், உடைத்துப் பாருங்கள். ஒன்று ‘இருக்கிறது’ என்று எப்போது சொல்கிறோம்? தள்ளினால் அது தடுக்கும்போது. தடுப்பது என்றால் உராய்வு. தடுப்பை மீறி நகர்த்த ஆற்றல் செலவாகும். ஆகவே இரண்டு விதிகள்: உராய்வு தராதது உண்மை அல்ல, ஆற்றல் இல்லாததும் உண்மை அல்ல. கனவில் வரும் மேசை தடுக்காது, விழித்தபின் இடித்துக்கொள்ளும் மேசை தடுக்கும். எண், நிழல், கற்பனை எல்லாம் இந்தச் சோதனையில் தோற்றுவிடும். தத்துவக்காரர்கள் இரண்டாயிரம் ஆண்டு சுற்றிவளைத்ததை இயற்பியல் இரண்டே வரியில் முடித்துவிடுகிறது. எங்கே ஓட்டை?

சாய்தளம் | பிப்ரவரி 3, இரவு 10:40

முதல் வரியிலேயே. தடுப்பும் உராய்வும் ஒன்றல்ல.

மேசைமேல் 5 கிலோ எடை வையுங்கள். மேசை 49 நியூட்டன் விசையோடு மேல்நோக்கித் தள்ளுகிறது. அது பரப்புக்குச் செங்குத்தான விசை. உராய்வு என்பது பரப்பை ஒட்டி, பக்கவாட்டில் வருவது. மேசையை முழுக்க வழுக்கலாக்கி உராய்வை எடுத்துவிட்டாலும் எடை உள்ளே இறங்காது. அந்தத் தடுப்பு வருவது எலக்ட்ரான்களின் மின்விலக்கத்தாலும், இரண்டு எலக்ட்ரான்கள் ஒரே நிலையில் இருக்க முடியாது என்ற பௌலி விதியாலும்.

இரண்டாவது, அந்தத் தடுப்புக்கு ஆற்றல் செலவே இல்லை. எடை நகரவில்லை, எனவே வேலை பூஜ்யம். மேசை அதை ஓராண்டு தாங்கினாலும் பூஜ்யம் ஜூல்தான். ‘தாங்கினால் செலவாகும்’ என்று நமக்குத் தோன்றுவதற்குக் காரணம் நம் கைத்தசை. அதே 5 கிலோவைக் கையில் பிடித்தால் தசை இழைகள் உள்ளுக்குள் சுருங்கி, விட்டு, மறுபடி சுருங்கிக்கொண்டே இருக்கின்றன. அந்த வேலை வெப்பமாகப் போகிறது, கை வலிக்கிறது. மேசைக்குத் தசை இல்லை.

1763இல் ஆங்கில எழுத்தாளர் சாமுவேல் ஜான்சன், பொருள் என்று ஒன்று வெளியே இல்லை என்ற தத்துவவாதி பெர்க்லியின் வாதத்தை மறுக்க, ஒரு பெரிய கல்லை உதைத்துக் காட்டினார். அவர் காலைத் திருப்பி அனுப்பியதும் செங்குத்து விசைதான். உராய்வுக்கு அதில் பெரிய பங்கில்லை.

சாய்தளம் | பிப்ரவரி 3, இரவு 10:52

உங்கள் முதல் விதிப்படி, வழுக்கி விழுந்தவருக்குத் தரை உண்மை இல்லை. அவரிடம் கேட்டுப் பாருங்கள்.

குளிர்நிலை | பிப்ரவரி 4, காலை 6:30

உராய்வே இல்லாமல் இருப்பவற்றுக்கு இரண்டு உதாரணங்கள். திரவ ஹீலியம் 2.17 கெல்வினுக்குக் கீழே மீப்பாய்மம் ஆகிறது. மிக நுண்ணிய இடுக்குகள் வழியே பாகுத்தன்மை இல்லாமல் ஓடும். 1938இல் கபிட்சா ஒருபக்கம், ஆலனும் மைஸ்னரும் மறுபக்கம் கண்டது. மின்தடையே இல்லாத மீக்கடத்தி வளையத்தில் ஒருமுறை தொடங்கிய மின்னோட்டம் மின்கலம் இல்லாமலே ஓடிக்கொண்டிருக்கும். அதன் காந்தப்புலத்தை அளந்து கணக்கிட்ட ஆயுள் ஒரு லட்சம் ஆண்டுக்குக் குறையாது. எம்.ஆர்.ஐ. இயந்திரத்தின் பிரதானக் காந்தம் இப்படித்தான் ஓடுகிறது. அதனருகே இரும்புச் சாமானோடு போனவருக்கு அது உண்மையா என்ற சந்தேகம் வராது.

எதிர்க்கேள்வி | பிப்ரவரி 4, பகல் 1:05

சரி, தடுப்பு வேறு, உராய்வு வேறு. ஆனாலும் நாம் தொட்டு உணரும் உலகத்தில் உராய்வைவிட அடிப்படையானது எது? ஒரு பொருள்மேல் இன்னொன்று நகர்ந்தால் உராய்வு நிச்சயம். அதை அடித்தளமாக வைத்துக்கொண்டு மேலே கட்டலாமே.

சாய்தளம் | பிப்ரவரி 4, இரவு 11:20

அடித்தளமாக வைக்கவே முடியாத ஒன்று உண்டென்றால் அது உராய்வுதான். அடிப்படை விசைகளின் பட்டியலில் அது கிடையாது. எதனால் ஆனது என்று பார்ப்போம்.

1699இல் அமோந்தோன் சொன்ன இரண்டு விதிகள் இன்றும் பள்ளிப் பாடத்தில் இருக்கின்றன: உராய்வு எடைக்கு நேர்விகிதம், தொடும் பரப்பின் அளவைப் பொறுத்ததல்ல. செங்கல்லைப் படுக்க வைத்தாலும் நிமிர்த்தி வைத்தாலும் இழுக்க ஏறக்குறைய அதே விசை. இரண்டாவது விதி விநோதமானது. பரப்புகள் உரசுவதால்தான் உராய்வு என்றால், பரப்பு கூடினால் உராய்வும் கூட வேண்டாமா?

விடை வர 250 ஆண்டு ஆனது. பௌடனும் டேபரும் காட்டியது இது: பரப்புகள் உண்மையில் தொடுவதே இல்லை, அங்கங்கே உள்ள நுண்மேடுகளின் முனைகள் மட்டும் தொடுகின்றன. கணக்குப் போட்டுப் பாருங்கள். அடிப்பரப்பு 10 சதுர சென்டிமீட்டர் உள்ள ஒரு கிலோ எஃகுக் கட்டி, எடை ஏறத்தாழ 10 நியூட்டன். எஃகின் கடினத்தன்மையை ஒரு சதுர மீட்டருக்கு 100 கோடி நியூட்டன் என்று வைப்போம். முனைகள் நசுங்கி நசுங்கி, எடையைத் தாங்கப் போதுமான பரப்பு கிடைத்ததும் நின்றுவிடும். அந்தப் பரப்பு பத்தை நூறு கோடியால் வகுத்தது, அதாவது 0.01 சதுர மில்லிமீட்டர். கண்ணால் பார்க்கும் பரப்பு 1000 சதுர மில்லிமீட்டர். உண்மையில் தொடுவது லட்சத்தில் ஒரு பங்கு.

இப்போது அமோந்தோனின் புதிர் அவிழ்கிறது. கட்டியை நிமிர்த்தி வைத்தால் முனைகளின் எண்ணிக்கை குறையும், ஒவ்வொன்றும் கூடுதலாக நசுங்கும், மொத்தத் தொடுபரப்பு அதேதான். எடையை இரட்டித்தால் தொடுபரப்பும் இரட்டிக்கும். உராய்வு தொடுபரப்புக்கு நேர்விகிதம்தான். ஆனால் அந்தப் பரப்பு நம் கண்ணுக்குத் தெரிந்த பரப்பு அல்ல.

இன்னும் கீழே இறங்கலாம். 1987இல் ஒரு டங்ஸ்டன் ஊசிமுனையைக் கிராஃபைட்மேல் இழுத்து, உராய்வு விசை அணுவரிசையின் இடைவெளிக்கே ஏறி இறங்குவதை அளந்தார்கள். ஒரு துள்ளலுக்கு ஏறத்தாழ 0.25 நானோமீட்டர். 2004இல் லைடனில் கிராஃபைட்மேல் கிராஃபைட் துணுக்கைச் சுழற்றிப் பார்த்தபோது, 60 பாகைக்கு ஒருமுறை மட்டும் உராய்வு எகிறியது, இடைப்பட்ட கோணங்களில் கிட்டத்தட்ட காணாமல் போனது. பொருள் அதே, எடை அதே. அணுவரிசைகள் பொருந்தினால் உராய்வு, பொருந்தாவிட்டால் இல்லை. கோணத்தைத் திருப்பியதும் கிராஃபைட் இல்லாமல் போய்விட்டதா?

ஆக, உராய்வு என்று தனியாக ஒரு சரக்கு கிடையாது. நாம் கவனிக்கும் ஓர் அசைவிலிருந்து, கவனிக்காத கோடானுகோடி அணு அதிர்வுகளுக்கு ஆற்றல் கசிவதற்கு வைத்த பெயர்.

பட்டறைக்காரர் | பிப்ரவரி 5, காலை 8:15

அப்போ உராய்வே பொய் என்கிறீர்களா சார்? எண்ணெய் வற்றிப்போய் பேரிங் சிவந்து இறுகிப்போனதைப் பார்த்தவரிடம் இதைச் சொல்லாதீர்கள்.

சாய்தளம் | பிப்ரவரி 5, காலை 9:02

பொய் இல்லை. ‘அடிப்படை இல்லை’ என்பதற்கும் ‘இல்லை’ என்பதற்கும் நடுவே நிறைய இடம் இருக்கிறது. வெப்பநிலையும் அப்படித்தான்: ஒற்றை அணுவுக்கு வெப்பநிலை கிடையாது, அதற்காகக் கொதிநீர் சுடாமல் இருப்பதில்லை. உராய்வு எந்த அளவில் உண்மை என்று சேர்த்துச் சொல்ல வேண்டும். பேரிங் அளவில் நூறு சதவீதம் உண்மை.

பட்டறைக்காரர் | பிப்ரவரி 5, மாலை 6:48

ஒத்துக்கொள்கிறேன். ஆனால் உராய்வுக் குணகத்தை (உராய்வு விசையைச் செங்குத்து விசையால் வகுத்த எண்) ஏதோ பொருளின் பிறவிக்குணம் மாதிரி எடுத்துக்கொள்கிறார்கள். எஃகுக்கு 0.6, டெஃப்லானுக்கு 0.05 என்று அட்டவணை போட்டு வைத்தால் போதுமா? அளந்து பார்த்தவர்களுக்குத் தெரியும். சாய்பலகை முறையே போதும்: பலகைமேல் கட்டியை வைத்து, ஒரு முனையை மெதுவாகத் தூக்கு, நழுவத் தொடங்கும் இடத்தில் உயரத்தைக் கிடைநீளத்தால் வகுத்தால் நிலை உராய்வுக் குணகம். சொல்ல எளிது, செய்தால் இத்தனை தகராறு வரும்:

கோணமானியை நம்பாதே, டேப்பை நம்பு. 17 பாகையில் குணகம் 0.31. ஒரு பாகை தப்பினால் 0.02 தப்பும், பொறுத்துக்கொள்ளலாம். டெஃப்லான் மாதிரி 3 பாகையில் நழுவும் பொருளுக்கு அதே ஒரு பாகைப் பிழை, விடையில் மூன்றில் ஒரு பங்கு.

கட்டி உயரமாக இருந்தால் நழுவுவதற்கு முன் கவிழும். சரிவின் திசையில் அதன் அகலத்தை உயரத்தால் வகுத்தால் வரும் எண், குணகத்தைவிடப் பெரிதாக இருக்க வேண்டும்.

விரல் பட்டால் எண்ணெய்ப் பசை. துடைத்த பரப்பும் துடைக்காத பரப்பும் இரண்டு வேறு பொருள்கள் என்றே எழுதி வை.

வைத்தவுடன் தூக்குவதும், ஒரு மணி நேரம் கழித்துத் தூக்குவதும் ஒன்றல்ல. நிலை உராய்வு காத்திருக்கும் நேரத்தோடு ஏறும். நேரம் பத்து மடங்கானால் ஒரு சிறு அளவு ஏறும், இன்னும் பத்து மடங்கானால் அதே அளவு இன்னொரு முறை. கூலோம் காலத்திலேயே கவனித்தது. முனைகள் மெல்ல நசுங்கிப் பரப்பு கூடுவது ஒரு காரணம். கண்ணாடி, சிலிக்கா போன்றவற்றில் இடையே வேதிப்பிணைப்பு வளர்வது இன்னொன்று.

சுருள்வில் தராசு கொண்டு இழுத்தால் முள் எகிறிவிட்டு ஆட ஆரம்பிக்கும். வில் எவ்வளவு தளர்வோ அவ்வளவு ஆட்டம். பிடித்து, நழுவி, பிடித்து, நழுவிப் போகிறது. சராசரி எடுத்து எழுதினால் அது நிலை உராய்வும் இல்லை, இயக்க உராய்வும் இல்லை. இயக்க உராய்வு வேண்டுமானால் பலகையைத் தட்டிக்கொண்டே சாய். எந்தச் சரிவில் கட்டி சீரான வேகத்தில் இறங்குகிறதோ அதை எடு.

குளிர்நிலை | பிப்ரவரி 5, இரவு 9:30

காற்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இரண்டாம் உலகப் போரில் அதிக உயரத்தில் பறந்த விமானங்களில் மின்னாக்கியின் கிராஃபைட் தூரிகைகள் மளமளவென்று தேய்ந்தன. கிராஃபைட் வழுக்குவதற்கு நீராவி வேண்டும். மேலே காற்று வறண்டது. தலைகீழாக, சுத்தமான இரண்டு உலோகப் பரப்புகளை வெற்றிடத்தில் சேர்த்தால் ஒன்றோடொன்று பற்றவைத்தது போலவே ஒட்டிக்கொள்ளும். குணகம் என்ற பேச்சுக்கே அங்கே இடமில்லை. அட்டவணையில் உள்ள எண் இரண்டு பொருள்களுக்கானது அல்ல. இரண்டு பொருள், நடுவில் உள்ள அழுக்கு, காற்று, காத்திருந்த நேரம் எல்லாம் சேர்ந்த ஒரு கூட்டுக்கானது.

எதிர்க்கேள்வி | பிப்ரவரி 6, காலை 7:10

உராய்வை விட்டுவிடுகிறேன். இரண்டாவது விதி நிற்கும். ஆற்றல் அழியாது, ஆக்க முடியாது. அழியாததுதானே உண்மை. உராய்வு எப்போதும் இயக்கத்தை எதிர்த்து ஆற்றலைத் தின்னும், ஆனால் ஆற்றல் எங்கேயோ பத்திரமாக இருக்கும். எனவே உலகம் என்பது ஆற்றல்.

சாய்தளம் | பிப்ரவரி 6, இரவு 10:15

இதில் இரண்டு விஷயம். சின்னதை முதலில் முடிக்கிறேன். உராய்வு இயக்கத்தை எதிர்ப்பதில்லை, சார்பு நழுவலை எதிர்க்கிறது. நடக்கும்போது நம்மை முன்னே தள்ளுவதே உராய்வுதான். வாகனத்தை முடுக்குவதும் சக்கரத்துக்கும் சாலைக்கும் இடையிலுள்ள நிலை உராய்வு. வழுக்காமல் உருளும்போது தொடும் புள்ளி அந்தக் கணத்தில் அசையாமல் நிற்கிறது, எனவே அந்த விசை வேலையே செய்வதில்லை. ஆற்றல் எரிபொருளிலிருந்து வருகிறது, விசை சாலையிலிருந்து வருகிறது.

பெரிய விஷயம்: எவ்வளவு ஆற்றல் என்று கேட்டால், யார் பார்க்கிறார் என்று திருப்பிக் கேட்க வேண்டும். நொடிக்கு 3 மீட்டர் வேகத்தில் ஓடும் பட்டைமேல் ஒரு கிலோ கட்டியை அசைவில்லாமல் வையுங்கள். இயக்க உராய்வுக் குணகம் 0.3. உராய்வு விசை 2.94 நியூட்டன். கட்டி ஏறக்குறைய ஒரு நொடி நழுவி, பிறகு பட்டையோடு ஒட்டிப் போகும்.

தரையில் நிற்பவர் கணக்கு: அந்த நேரத்தில் பட்டை 3.06 மீட்டர் போயிற்று, கட்டி 1.53 மீட்டர். கட்டியின் இயக்க ஆற்றல் பூஜ்யத்திலிருந்து 4.5 ஜூலுக்கு ஏறியது. உராய்வு அதற்கு ஆற்றல் கொடுத்தது.

பட்டைமேல் உட்கார்ந்திருப்பவர் கணக்கு: கட்டி நொடிக்கு 3 மீட்டரில் பின்னோக்கி வந்து நின்றது. இயக்க ஆற்றல் 4.5 ஜூலிலிருந்து பூஜ்யத்துக்கு இறங்கியது. உராய்வு அதனிடமிருந்து ஆற்றலைப் பிடுங்கியது.

ஒரே கட்டி, ஒரே நிகழ்ச்சி. ஒருவருக்கு வரவு, இன்னொருவருக்குச் செலவு. இருவரில் யார் சொல்வது உண்மை? இருவரும் சரி. இயக்க ஆற்றல் கட்டிக்குள் இருக்கும் சரக்கு அல்ல, கட்டிக்கும் பார்ப்பவருக்கும் இடையிலான எண்.

ஆனால் வெப்பத்தைப் பாருங்கள். அது உராய்வு விசையை நழுவிய தூரத்தால் பெருக்கியது. நழுவிய தூரம் 1.53 மீட்டர் என்பதில் இருவருக்கும் சண்டை இல்லை. 2.94 பெருக்கல் 1.53, 4.5 ஜூல். (தரைக்காரர் கணக்கில் மோட்டார் 9 ஜூல் கொடுத்திருக்கும்: பாதி கட்டிக்கு, பாதி வெப்பத்துக்கு.) குணகத்தை 0.3க்குப் பதில் 0.1 ஆக்கினால் நழுவும் நேரம் மூன்று மடங்காகும், வெப்பம் அதே 4.5. விற்பனைக்கு வரும் ‘வழுக்கல் குறைந்த பட்டை’ இந்த இழப்பைக் குறைக்காது. குறைக்க வேண்டுமானால் கட்டியைப் பட்டையின் வேகத்திலேயே கொண்டுவந்து இறக்க வேண்டும்.

நீங்கள் ‘அழியாதது’ என்று உயர்த்திப் பிடித்தது ஆளுக்கு ஆள் மாறுகிறது. ‘தின்றுவிடும்’ என்று ஒதுக்கிய உராய்வு விட்டுச்சென்ற வெப்பம்தான் மாறாமல் நிற்கிறது.

குளிர்நிலை | பிப்ரவரி 7, காலை 6:05

ஒளியின் வேகத்துக்கு அருகே போனால் வெப்பத்தின் அளவிலும் பார்ப்பவர் புகுந்துவிடுவார். அங்கே மாறாமல் நிற்பது ஓய்வுநிறை. சாய்தளம் சொன்ன 4.5 ஜூலும் கட்டியிலும் பட்டையிலும் தங்கியிருக்கும்வரை அவற்றின் மொத்த நிறையைக் கூட்டும். ஒரு கிலோவை 200 கோடி கோடியால் வகுத்த அளவு. எந்தத் தராசுக்கும் எட்டாது.

சாய்தளம் | பிப்ரவரி 7, காலை 7:30

ஆம், அந்தத் திருத்தம் வேண்டியதுதான். பட்டை அவ்வளவு வேகத்தில் ஓடினால் பட்டறைக்காரர் முதலில் எழுந்து ஓடுவார்.

சாய்தளம் | பிப்ரவரி 8, இரவு 11:45

‘உலகம் என்பது ஆற்றல், வேறொன்றுமில்லை’ என்ற நிலைப்பாட்டை ஏற்கெனவே ஒருவர் முழு வேகத்தில் ஓட்டிப் பார்த்திருக்கிறார். வேதியியலாளர் வில்ஹெல்ம் ஆஸ்ட்வால்ட். அணு என்பது கற்பனை, அளக்க முடிவது ஆற்றல் மாற்றம் மட்டுமே, எனவே இயற்பியலை ஆற்றலை வைத்தே எழுதலாம் என்றார். 1895இல் லூபெக் நகரில் நடந்த மாநாட்டில் போல்ட்ஸ்மன் அவரை எதிர்த்து நின்றார். போல்ட்ஸ்மனுக்கு அணுக்கள்தான் வெப்பத்தின் அடிப்படை.

தீர்ப்பு வந்த விதம் இந்த இழைக்கு ரொம்பப் பொருத்தம், ஏனென்றால் தீர்த்து வைத்தது உராய்வு. நீரில் மிதக்கும் நுண்துகள் ஓயாமல் நடுங்குகிறது, பிரௌனியன் இயக்கம். 1905இல் ஐன்ஸ்டைன் சொன்னதன் சாரம்: துகளை நடுங்க வைப்பதும் நீர் மூலக்கூறுகளின் மோதல், அது நகரும்போது பிடித்து இழுப்பதும் அதே மோதல். ஆகவே நடுக்கத்தின் அளவும் உராய்வின் அளவும் ஒரே கணக்கில் கட்டுண்டவை. நீரின் பாகுத்தன்மை, துகளின் ஆரம், வெப்பநிலை மூன்றும் தெரிந்தால், எவ்வளவு அலையும் என்று சொல்லலாம். அலைவை அளந்தால் திருப்பிப் போட்டு, மூலக்கூறுகளை எண்ணியும் விடலாம்.

எண்ணை வைத்துப் பாருங்கள். அறை வெப்பநிலை நீரில் அரை மைக்ரோமீட்டர் ஆரமுள்ள பிசின் மணி. 30 நொடியில் ஒரு திசையில் அதன் சராசரி அலைவு ஏறத்தாழ 5 மைக்ரோமீட்டர், அதாவது தன் விட்டத்தைப்போல் ஐந்து மடங்கு. நுண்ணோக்கியில் தாராளமாகத் தெரியும். ழான் பெரன் 1908, 1909 வாக்கில் இதைத்தான் செய்தார்: 30 நொடிக்கு ஒருமுறை மணியின் இடத்தைக் குறித்தார். அலைவிலிருந்து அவகாட்ரோ எண் வந்தது. அதே மணிகள் உயரத்துக்கு உயரம் எப்படி அடர்த்தி குறைகின்றன என்று எண்ணி வேறு வழியிலும் கண்டார். இரண்டும் 7ஐ ஒட்டிய எண்ணை 10²³ஆல் பெருக்கிய அளவில் வந்து நின்றன. இன்றைய மதிப்பு 6.022. முதல் தடவைக்கு அபாரம்.

ஆஸ்ட்வால்ட் அணுவை ஏற்றுக்கொண்டார். 1906இல் இறந்துபோன போல்ட்ஸ்மன் அதைப் பார்க்கவில்லை.

இங்கே வென்றது ‘உராய்வு இருக்கிறது, எனவே துகள் உண்மை’ என்ற வாதம் அல்ல என்பதைக் கவனியுங்கள். ஒன்றோடொன்று சம்பந்தமில்லாத பல வழிகளில் போனாலும் ஒரே எண் வந்தது. அதுதான் அணுவை உண்மையாக்கியது. ஜூல் செய்ததும் இதே காரியம். 1850இல் நீரைக் கலக்கினார், பாதரசத்தைக் கலக்கினார், வார்ப்பிரும்பை உரசினார். ஒரு பவுண்டு நீரை ஒரு பாகை ஃபாரன்ஹீட் சூடாக்கத் தேவையான வேலை மூன்றிலும் 772 முதல் 775 அடி-பவுண்டுக்குள் வந்தது. இன்றைய மதிப்போடு ஒரு சதவீதத்துக்குள் ஒத்துப்போகிறது. நீரில் மட்டும் ஒரு எண், பாதரசத்தில் வேறொன்று என்று வந்திருந்தால் ஆற்றல் அழிவின்மைக்கு அன்றே கதை முடிந்திருக்கும்.

எதிர்க்கேள்வி | பிப்ரவரி 9, பகல் 12:20

சரி, ஆற்றலை உலகத்தின் சரக்காக வைக்கவில்லை, கணக்குப் புத்தகமாக வைக்கிறேன். கணக்கு உதைத்தால் ஏதோ ஒன்று கண்ணுக்குத் தெரியாமல் இருக்கிறது என்று அர்த்தம். இதற்காவது சம்மதமா?

சாய்தளம் | பிப்ரவரி 9, இரவு 10:30

பாதி சம்மதம். இந்த வழியில் கிடைத்த மிகப்பெரிய வெற்றி நியூட்ரினோ. பீட்டா சிதைவில், அதாவது அணுக்கரு எலக்ட்ரானை உமிழும்போது, வெளியேறும் எலக்ட்ரான் ஒவ்வொரு முறையும் ஒவ்வோர் ஆற்றலோடு வந்தது. மீதி வேறு வடிவில் வெப்பமாகிறதோ என்று பார்க்க 1927இல் எல்லிஸும் வூஸ்டரும் ஒரு பிஸ்மத் ஐசோடோப்பைக் கலோரிமானிக்குள் அடைத்து வெப்பத்தை அளந்தார்கள். அதிகபட்ச ஆற்றல் சுமார் 10 லட்சம் எலக்ட்ரான்வோல்ட். ஒன்றும் தப்பாமல் உள்ளே தங்கியிருந்தால் ஒரு சிதைவுக்கு அவ்வளவு வெப்பம் வர வேண்டும். வந்தது சுமார் 3.5 லட்சம். ஆற்றல் அழிவின்மையே அணுக்கருவுக்குள் செல்லாதோ என்று நீல்ஸ் போர் யோசித்தார். 1930இல் பௌலி, கலோரிமானியைத் துளைத்துக்கொண்டு வெளியேறும் ஒரு துகள் இருக்கும் என்றார். 1956இல் ரைன்ஸும் கவனும் அணுஉலை அருகே அதைப் பிடித்தார்கள்.

மீதிப் பாதி ஏன் சம்மதமில்லை? புதன் கோளின் பாதை கணக்கோடு ஒத்துவராதபோது, 1859இல் லெவெரியே சூரியனுக்கு அருகே வேறொரு கோள் இருக்க வேண்டும் என்றார். வல்கன் என்று பெயரும் வைத்தாயிற்று, பார்த்ததாகச் சொன்னவர்களும் உண்டு. அப்படி ஒரு கோளே இல்லை. நூற்றாண்டுக்கு 43 விகலை (ஒரு பாகையில் 3600இல் ஒரு பங்கு ஒரு விகலை) என்ற அந்த மீதியை 1915இல் ஐன்ஸ்டைனின் பொதுச் சார்பியல் கோட்பாடு அடைத்தது. தப்பு விதியில் இருந்தது. கணக்கு உதைத்தால் ஆளும் விடுபட்டிருக்கலாம், கூட்டல் விதியும் தப்பாக இருக்கலாம். எது என்று கணக்கு தானாகச் சொல்லாது. பௌலியின் துகளை உண்மையாக்கியது 1930இன் கணக்கு அல்ல, 1956இன் பிடிப்பு.

குளிர்நிலை | பிப்ரவரி 10, காலை 6:40

உராய்வுச் சோதனையில் ‘இல்லாத’ ஒன்று பாஸாகும் வேடிக்கை: குறைகடத்தியில் உள்ள துளை. எலக்ட்ரான் இருக்க வேண்டிய இடத்தில் அது இல்லை, அவ்வளவுதான். ஆனாலும் அதற்கு நேர்மின்னூட்டம், நிறை, இழுவை எல்லாம் உண்டு. தூய சிலிக்கானில் எலக்ட்ரானின் இயங்குதிறன் சுமார் 1400, துளையுடையது சுமார் 450 (சதுர சென்டிமீட்டர், வோல்ட்-நொடிக்கு). அதாவது எலக்ட்ரானைவிட அது மூன்று மடங்கு திணறி நகர்கிறது. ஹால் விளைவில், அதாவது மின்னோட்டத்துக்குக் குறுக்கே காந்தப்புலம் வைக்கும்போது பக்கவாட்டில் எழும் வோல்ட்டேஜின் குறியும் நேர்மின்னூட்டம் என்றே காட்டும்.

எதிர்க்கேள்வி | பிப்ரவரி 10, இரவு 8:55

நிழலையாவது என்னிடம் விட்டுவிடுங்கள்.

சாய்தளம் | பிப்ரவரி 10, இரவு 9:40

எடுத்துக்கொள்ளுங்கள். ஆற்றல் சோதனை உண்மையாகவே உதவும் இடம் அதுதான். நிலா 3,84,000 கிலோமீட்டர் தூரத்தில் இருக்கிறது. லேசரை நொடிக்கு ஒரு ரேடியன், அதாவது 57 பாகை வீதம் திருப்பினால், நிலாமேல் படும் ஒளிப்புள்ளி நொடிக்கு 3,84,000 கிலோமீட்டர் ஓடும். ஒளியைவிட வேகம். எந்த விதியும் உடையவில்லை, ஏனென்றால் புள்ளி ஓடும் திசையில் ஆற்றல் எதுவும் ஓடவில்லை. நிலாவின் இடது ஓரத்தில் இருப்பவர் அந்தப் புள்ளியைப் பிடித்து வலது ஓரத்துக்குச் செய்தி அனுப்ப முடியாது. நிழலின் விளிம்புக்கும் இதே கதி. ஆகவே இப்படித் திருத்தலாம்: ஆற்றலையோ உந்தத்தையோ இங்கிருந்து அங்கே கொண்டுபோகாதது, அங்கே நடப்பதற்குக் காரணமாக முடியாது. இது நல்ல சோதனை. ஆனால் சோதிப்பது காரணமாகும் தகுதியை. நிழல் ‘இருக்கிறதா’ என்ற கேள்வி அப்படியே கிடக்கிறது. அதன் நீளத்தை அளந்து கம்பத்தின் உயரம் சொல்கிறோமே.

குளிர்நிலை | பிப்ரவரி 11, காலை 5:50

எண் சோதனையில் தோற்கும் என்று தொடக்கத்தில் சொன்னீர்கள். ஆனால் எழுதி வைத்த தகவலுக்கு விலை உண்டு. 1961இல் இயற்பியலாளர் லேண்டவர் சொன்னது: ஒரு பிட்டை (0 அல்லது 1 என்ற ஒரு துண்டுத் தகவலை) அழித்தால் குறைந்தபட்சம் ஒரு குறிப்பிட்ட வெப்பம் வெளியேற வேண்டும். 300 கெல்வினில் ஒரு ஜூலில் லட்சம் கோடி கோடியில் ஒரு பங்கு எடுத்து, அதையும் 35ஆல் வகுத்த அளவு. 2012இல் நீரில் மிதக்கும் ஒற்றை மணியை லேசரால் பிடித்து அளந்து சரிபார்த்தார்கள். எண் 7க்கு வெப்பம் இல்லை. 7 என்று எங்கேயோ எழுதி வைத்ததை அழித்தால் உண்டு.

எதிர்க்கேள்வி | பிப்ரவரி 12, இரவு 9:15

கடைசிக் கேள்வி. ஆற்றல் அழியாது என்பதாவது எல்லா இடத்திலும் செல்லுமா?

சாய்தளம் | பிப்ரவரி 13, காலை 7:20

நிபந்தனையோடு. 1918இல் எம்மி நோதர் நிறுவியது: இயற்கை விதிகள் இன்றும் நாளையும் ஒன்றாக இருந்தால் ஆற்றல் அழியாது. இடத்துக்கு இடம் ஒன்றாக இருந்தால் உந்தம் அழியாது. ஆற்றல் அழிவின்மை தானாக நிற்கும் தூண் அல்ல, காலச் சீர்மையின் விளைவு. விரியும் பிரபஞ்சத்தில் அந்தச் சீர்மை மொத்தமாக இல்லை. பிரபஞ்சப் பின்னணிக் கதிர்வீச்சு கிளம்பும்போது சுமார் 3000 கெல்வின், இன்று 2.7. ஒவ்வொரு ஃபோட்டானும் ஏறத்தாழ 1100இல் ஒரு பங்காகக் குறைந்துவிட்டது. மீதி ஆற்றல் எங்கே போயிற்று என்று கேட்டால், மொத்தப் பிரபஞ்சத்துக்கு ஒரே கூட்டுத்தொகை எழுத ஒப்புக்கொள்ளப்பட்ட வழியே இல்லை என்பதுதான் விடை. ஓர் அறைக்குள், ஒரு பட்டறைக்குள், ஒரு விண்மீனுக்குள் விதி அப்படியே செல்லும்.

பட்டறைக்காரர் | பிப்ரவரி 14, மாலை 7:05

விண்மீனை விட்டு இறங்கி வாருங்கள். ஆடிக்கொண்டிருக்கும் ஒன்று உலர் உராய்வால் நிற்கிறதா, காற்று அல்லது எண்ணெய் இழுவையால் நிற்கிறதா என்று பிரித்துக் கேள்வி வந்தால் என்ன செய்வது? பலர் தப்பாக எண்ணெய் ஊற்றிவிடுகிறார்கள்.

சாய்தளம் | பிப்ரவரி 14, இரவு 10:10

பிரித்துத் திறக்க வேண்டியதில்லை. ஆடவிட்டு, ஒவ்வொரு சுற்றின் உச்ச வீச்சையும் வரிசையாகக் குறியுங்கள். அடுத்தடுத்த வீச்சுகளைக் கழித்தால் சமமான எண் வந்தால் (20, 18, 16, 14) உலர் உராய்வு. வகுத்தால் சமமான விகிதம் வந்தால் (20, 18, 16.2, 14.6) பாகு இழுவை. முதல் மூன்று எண்ணில் இரண்டுக்கும் வித்தியாசமே தெரியாது. வீச்சு பாதிக்குக் கீழே வரும்வரை எடுத்தால்தான் பிரியும். உலர் உராய்வு என்றால் நடுப்புள்ளிக்குச் சற்றுத் தள்ளியே சட்டென்று நின்றும்விடும்.

சுருள்வில் அமைப்பாக இருந்தால் உராய்வு விசையையும் எடுத்துவிடலாம்: ஒரு முழுச் சுற்றுக்குக் குறையும் வீச்சு, உராய்வு விசையின் நான்கு மடங்கை வில்மாறிலியால் வகுத்தது. வில்மாறிலி மீட்டருக்கு 200 நியூட்டன், சுற்றுக்கு 2 மில்லிமீட்டர் குறைகிறது என்றால் உராய்வு 0.1 நியூட்டன். தொடக்கத்தில் விகிதமாகவும் கடைசியில் சமமாகவும் குறைந்தால் இரண்டும் கலந்திருக்கிறது. வேகம் அதிகமாக இருக்கும்போது காற்று, குறைந்ததும் தாங்கி (பேரிங்). அப்போது கடைசிப் பகுதியை மட்டும் வைத்துத் தாங்கியைக் கணக்கிடுங்கள்.

பட்டறைக்காரர் | பிப்ரவரி 15, காலை 8:00

20, 18 என்று எந்த அலகு? பாகையா, மில்லிமீட்டரா?

சாய்தளம் | பிப்ரவரி 15, காலை 8:25

எதுவானாலும் சரி, கடைசிவரை ஒன்றையே வையுங்கள். ஊசலாக இருந்தால் 20 பாகைக்குள் தொடங்குங்கள். அதற்கு மேல் போனால் வீச்சுக்கேற்ப அலைவுநேரமும் மாறும், கணக்கு கலங்கும்.